மடிப்புக்கு ஒன்று

1

இந்தக் கதை ஒரு கட்டுரையாகத்தான் தொடங்கியது. ஒரு வார இதழின் அறிவியல் பக்கத்துக்கு, 'உயிர்களில் என்சைம்கள் எப்படி வேலை செய்கின்றன' என்று இரண்டு பக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். கேட்க வேண்டிய ஆளைத்தான் கேட்டார்கள். ஜீடிமெட்லாவில் ஒரு மருந்துக் கம்பெனியில் என்சைம்களுக்கு நாடி பிடித்துப் பார்ப்பது என் உத்தியோகம். கல்யாண வீட்டுப் பந்தியில் என் பக்கத்து இலையில் உட்காருகிறவர்கள் பாயசம் வருவதற்குள் எழுந்து போய்விடுவார்கள். அவ்வளவு பேசுவேன்.

ஆனால் கதை வேறு இடத்தில் முளைத்தது. கட்டுரை கேட்டு வந்த அதே வாரம், செகந்திராபாத்தில் ஒரு ஆஸ்பத்திரி வராந்தாவில், என் மைத்துனன் கௌஷிக் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னான்.

"அத்திம்பேர், அக்காகிட்ட மட்டும் சொல்லிடாதேங்கோ. தாங்க மாட்டா."

அக்கா என்றால் நீலா. என் மனைவி. அவளிடம் சொல்லக் கூடாதது இதுதான்: அவள் ஆசையாகக் கொடுத்த பழைய துணிகளால்தான் கௌஷிக்கின் பச்சைக் குழந்தை சாவின் வாசல் வரை போய்த் திரும்பியது. 'துணிகளால்தான்' என்று எழுதியது தவறு. பாதித் தவறு. அந்தப் பாதியைச் சொல்லத்தான் இவ்வளவு காகிதம்.

சொல்லாமலே விட்டிருக்கலாமே என்பீர்கள். குழந்தை பிழைத்து வீட்டுக்கு வந்ததும் கௌஷிக் அந்தத் துணிப் பையைத் திருப்பிக் கொண்டுவந்து கொடுத்தான். "எல்லாம் சின்னதாப் போயிடுத்துக்கா" என்றான். பொய் சொல்லத் தெரியாத பையன். பிறந்த குழந்தைக்கு அதற்குள் எந்தச் சட்டை சின்னதாகும்? கௌஷிக்கின் மனைவி ஹம்ஸினி பழைய சண்டையை மறக்கவில்லை, அதனால்தான் தன் துணியைத் தூக்கி எறிந்துவிட்டாள் என்று நீலா முடிவு கட்டிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை திருமுல்கேரியில் அவர்கள் வீட்டில் தொட்டில் போடுகிறார்கள். எங்கள் குடும்ப வழக்கத்தில் குழந்தையைத் தொட்டிலில் இட வேண்டியவள் அத்தைதான். அத்தை வரமாட்டேன் என்கிறாள்.

உண்மை தெரிந்தால்தான் நீலாவின் கோபம் போகும். உண்மை தெரிந்தால் நீலாவே போய்விடுவாளோ என்று எனக்குப் பயம்.

எங்கள் வீட்டில் ஒரு ஏற்பாடு உண்டு. நான் எழுதுவதை அச்செடுத்து நீலாவிடம் கொடுப்பேன். அவள் பென்சிலும் கையுமாக உட்கார்ந்து ஓரத்தில் எழுதுவாள். நான் எழுதியதைவிட அவள் ஓரத்தில் எழுதியது நன்றாக இருக்கும் சந்தர்ப்பங்கள் உண்டு. அவற்றைப் பற்றி நாங்கள் பேசுவதில்லை. இந்த முறை அவளுடைய குறிப்புகளைச் சதுர அடைப்புக்குள் அப்படியே விட்டிருக்கிறேன். இந்த முதல் பகுதியை மட்டும் அவளிடம் கொடுக்கவில்லை. இரண்டிலிருந்து ஒவ்வொன்றாகக் கொடுத்தேன். வாயால் சொல்ல எனக்குத் துணிச்சல் கிடையாது. எழுத்தில் நான் சூரன். கௌஷிக்குக்குக் கொடுத்த வாக்கையும் மீறவில்லை. சொல்லாதே என்றுதான் சொன்னான். எழுதாதே என்று சொல்லவில்லை.

2

தொடக்கம், முதல் முயற்சி:

'உயிரினங்களின் உடலில் நிகழும் வேதிவினைகளை விரைவுபடுத்தும் புரதங்களே நொதிகள் எனப்படும். இவை தாம் பங்கேற்கும் வினைகளில்—'

(இந்த இடத்தில் தூங்கிவிட்டேன்.)

[நானும்.]

இரண்டாம் முயற்சி:

'ஒரு பூட்டு. ஒரு சாவி. அந்தப் பூட்டுக்கு அந்தச் சாவிதான்—'

(வேண்டாம். இதை எல்லாரும் எழுதிவிட்டார்கள். தவிர, பூட்டு இரும்பு. என்சைம் இரும்பு இல்லை. தன்னிடம் வரும் பொருளுக்கு ஏற்பத் தானும் கொஞ்சம் வளைந்து கொடுக்கும். வளையாத பொருளை வைத்து வளைகிற பொருளை விளக்கினால் அது விளக்கமே இல்லை.)

மூன்றாம் முயற்சி. இது நிற்கும் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும்:

லாட் பஜாரில் வளையல் வாங்கியிருக்கிறீர்களா? உங்களுக்குப் பிடித்த வளையல் உங்கள் கையில் ஏறாது. விரல் முட்டியில் வந்து நின்றுவிடும். வீட்டில் என்றால் சோப்புப் போட்டு, எண்ணெய் போட்டு, அரை நாள் மல்லுக்கட்டலாம். கடைக்காரர் உங்கள் கையை வாங்கி, கட்டை விரலை உள்ளே மடக்கி, ஒரு குறிப்பிட்ட இடத்தில் ஒரு அமுக்கு அமுக்குவார். ஏறிவிடும். கை அதே கை; வளையல் அதே வளையல். அந்த முட்டியைத் தாண்டுவதுதான் கஷ்டமாக இருந்தது, அதை அவர் சுலபமாக்கினார். உங்களை அனுப்பிவிட்டு, களைப்பே இல்லாமல், அடுத்த கையை வாங்குவார். நாள் முழுக்க இதே வேலை. அவரிடம் போய்ச் செருப்பு மாட்டிவிடச் சொல்ல முடியாது. அவர் வளையலுக்கு மட்டும்.

என்சைம் இதுதான். நடக்க முடியாததை அது நடத்துவதில்லை. எப்படியும் நடக்கக் கூடியதை, நம் ஆயுளுக்குள் நடக்க வைக்கிறது.

[எனக்கு அப்படி அமுக்கினவன் ரெண்டு வளையலை உடைச்சான். அதையும் எழுதுங்கோ.]

எழுதிவிட்டேன். என்சைம்களும் எப்போதாவது தவறும். ஆனால் லாட் பஜார்க்காரரைவிடக் குறைவு.

நம் உடம்பில் இப்படி ஆயிரக்கணக்கான வளையல்காரர்கள். எச்சிலில் ஒருவர்; சாதத்தை நிதானமாக மென்றால் லேசாக இனிக்குமே, அது அவர் கைவரிசை. வயிற்றில் ஒருவர், கல்லீரலில் ஒரு பெரிய கூட்டம். ஒவ்வொரு உயிரணுவுக்குள்ளும் ஒரு கடைவீதி. இவர்கள் இல்லையென்றால் இன்று மத்தியானம் சாப்பிட்ட சாம்பார் சாதம் செரிக்க நம் பேரன் காலம் ஆகும்.

[பேரனுக்கு முதல்ல உங்க பிள்ளை பத்தாவது பாஸ் பண்ணட்டும். சாதத்தை யார் மெல்லறா? அபிநவ் அப்படியே முழுங்கறான்.]

(ஒரு குறிப்பு: 'நொதி' நல்ல சொல். ஆனால் ஜீடிமெட்லாவில் ஒரு ஷிப்டில் நொதி என்று சொன்னால் பாய்லரில் ஏதோ கோளாறு என்று ஓடிவருவார்கள். ஆகவே என்சைம்.)

3

கட்டுரைக்கு ஒரு மனிதர் தேவை. இல்லையென்றால் ஒரு பூனையாவது. வெறும் வேதியியலை யாரும் கடைசி வரை படிக்க மாட்டார்கள். எனவே:

'மௌலாலியில் புஷ்பா என்று ஒரு பெண் இருந்தாள். அவள் தம்பிக்குக் குழந்தை பிறக்கப்போகிறது. தம்பி மனைவியோடு புஷ்பாவுக்குப் பேச்சுவார்த்தை இல்லை. காரணம், சீமந்தத்தில் அத்தனை பேர் நடுவில் புஷ்பா அவளிடம், "உன் தமிழ் மிக்ஸில போட்டு அரைச்சா மாதிரி இருக்குடி" என்று சொன்னது.'

[இது நான். புஷ்பான்னு எழுதினா எனக்குத் தெரியாதா? தமாஷுக்குத்தான் சொன்னேன்னும் சேத்து எழுதுங்கோ.]

தமாஷுக்குத்தான் சொன்னாள். ஹம்ஸினியின் குடும்பம் வெள்ளைக்காரன் காலத்திலிருந்து செகந்திராபாத்தில் இருக்கிறது. அவர்கள் தமிழில் ஆமாம் என்பதற்கு 'ஹவ்'வும் வேண்டாம் என்பதற்கு 'நக்கோ'வும் கறிவேப்பிலை மாதிரி கிடக்கும். எங்களுக்கு அது சிரிப்பு. அவளுக்கு அது தாய்மொழி. அன்று அவள் கண் கலங்கி உள்ளே போனதை நானும் பார்த்தேன். அதற்குப் பிறகு அவள் நீலாவிடம்—சரி, புஷ்பாவை இங்கேயே இறக்கிவிடுகிறேன். மௌலாலி பஸ் ஏறிப் போகட்டும். என்னால் அந்தப் பெண்ணை நம்ப முடியவில்லை. அவள் வாயைத் திறந்தால் நீலா பேசுகிறாள்.

சில வாரம் இப்படிப் பேச்சில்லாமல் போயிற்று. பிறகு ஒரு நாள் ஹம்ஸினியே போன் செய்தாள்.

"அக்கா, அபிநவோட சின்னப் பிள்ளைத் துணி இருக்கா? கடைத் துணி நக்கோக்கா. உங்க ஆத்துத் துணிதான் வேணும்."

பிறந்த குழந்தைக்குப் புதுத் துணி போடக் கூடாது. நோய்நொடி இல்லாமல் வளர்ந்த இன்னொரு குழந்தை போட்டுப் பழகிய துணியைத்தான் முதலில் போட வேண்டும். இது எங்கள் வீடுகளில் கேள்வி கேட்காமல் நடப்பது. அபிநவுக்குப் பிறந்ததிலிருந்து ஒரு தும்மல்கூடப் பெரிதாக வந்ததில்லை. அவன் துணியைக் கேட்டால், உன் பிள்ளையைப் போல என் பிள்ளையும் இருக்க வேண்டும் என்று கேட்பதாக அர்த்தம். அதைவிடப் பெரிய சமாதானம் கிடையாது. நீலா போனை வைத்துவிட்டு அழுதாள். உடனே பரணிலிருந்து டிரங்குப் பெட்டியை இறக்கச் சொன்னாள்.

பெட்டிக்குள் குட்டிக் குட்டி ஜிப்பாக்கள், பூப்போட்ட போர்வை, காது மூடும் குல்லா. நடுநடுவே இரண்டு பாச்சை உருண்டை—

[ரெண்டா? நன்னாருக்கு! மடிப்புக்கு ஒண்ணு. துணில நேரா படப்படாது, கறை விழும். மெலிசுக் காயிதத்துல சுத்தி வெக்கணும். வருஷா வருஷம் கரைஞ்சு போனதும் மாத்தணும். அதனாலதான் இத்தனை வருஷம் கழிச்சும் புதுசாட்டம் இருந்தது. தெரியாத விஷயத்தை எழுதப்படாது.]

அவள் இதை எழுதும்போது நான் எதிர் நாற்காலியில் காபி குடித்துக்கொண்டிருந்தேன். திருத்தத்தை ஏற்றுக்கொண்டேன். மடிப்புக்கு ஒன்று.

பீரோவில் பூச்சி அரிக்காமல் இருக்கப் போடும் அந்த வெள்ளை உருண்டையின் பெயர் நாஃப்தலீன். எங்கள் வீடுகளில் அது கல்யாண வாசனை. பட்டுப்புடவையை எடுத்து உதறினால் வீடே விசேஷ வீடாகிவிடும். ஹம்ஸினிக்கு நாள் குறித்ததற்கு முன்பே வலி கண்டுவிட்டது. துவைத்துப் போட நேரமில்லை. பால்கனியில் கொஞ்ச நேரம் உதறிப் போட்டுவிட்டு, பையை எடுத்துக்கொண்டு நீலா ஆட்டோவில் ஓடினாள். குழந்தையைச் சுத்தம் செய்து கொண்டுவந்ததும் அந்தப் போர்வையில்தான் சுற்றினார்கள். ஹம்ஸினி அதில் முகத்தை வைத்து, "எங்க ஆத்து வாசனையே வருதுக்கா" என்றாள்.

[அப்போ அவ என் கையைப் பிடிச்சுண்டதை விட்டுட்டேளே. ரொம்ப நேரம் பிடிச்சுண்டிருந்தா.]

ரொம்ப நேரம் பிடித்துக்கொண்டிருந்தாள்.

4

(இந்தப் பகுதியின் ஓரத்தில் ஒன்றும் இல்லை. அச்சகத் தவறு என்று நினைக்க வேண்டாம்.)

ரத்தத்தின் சிவப்பணு ஒரு சுமைதூக்கி. பிராணவாயுவைச் சுமப்பது அதன் தொழில். பிராணவாயுவோ இரும்பையே துருப்பிடிக்க வைக்கிற சாமான். அதை நாள் முழுக்கத் தூக்கிக்கொண்டு அலைகிறவனுக்கு உள்ளே துரு ஏறாமல் இருக்குமா? ஏறும். அதைத் துடைக்க உள்ளேயே ஒரு பொருள் உண்டு. துடைத்துத் துடைத்து அது அழுக்காகும். அழுக்கானதை அலசி மறுபடி துடைக்கிற நிலைக்குக் கொண்டுவர வேண்டும். அந்த அலசலுக்கு வேண்டியதைத் தயார் செய்து கொடுக்கிற என்சைமுக்கு ஜி-சிக்ஸ்-பி-டி என்று பெயர். முழுப் பெயரைச் சொன்னால் நீங்கள் போய்விடுவீர்கள்.

சிலருக்கு இந்த என்சைம் பிறவியிலேயே பலவீனம். பெரும்பாலும் அவர்களுக்கே தெரியாது. ஓடுவார்கள், ஆடுவார்கள், பேரன் பேத்தி எடுப்பார்கள். துருவைப் பல மடங்கு கூட்டிவிடுகிற ஏதாவது ஒன்று உள்ளே நுழையும்போதுதான் விஷயம் வெளியே வரும். நாஃப்தலீன் அப்படி ஒன்று. போர்வையிலிருந்து ஆவியாகி, மூச்சு வழியாகவும் மெல்லிய தோல் வழியாகவும் போகும். சிவப்பணுக்கள் உடையும். உடைந்த அணுவிலிருந்து மஞ்சள் நிறப் பொருள் ஒன்று ரத்தத்தில் சேரும். அதை வெளியேற்றக் கல்லீரலில் இன்னொரு என்சைம் இருக்கிறது. ஆனால் பிறந்த குழந்தைக்கு அது இன்னும் வேலைக்குச் சேர்ந்தே முடியவில்லை. ஒரு வளையல்காரர் பலவீனம், இன்னொருவர் கடையே திறக்கவில்லை. மஞ்சள் ஏறிக்கொண்டே போய் மூளையைத் தொட்டால், காது போகலாம், கை கால் போகலாம், உயிரும் போகலாம்.

கௌஷிக்கின் பிள்ளைக்கு உள்ளங்கால் வரை மஞ்சள் ஏறியது. நீல விளக்கின் அடியில் வைத்தார்கள். போதவில்லை. ரத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து வேறு ரத்தம் ஏற்றினார்கள். 'எல்லாக் குழந்தைக்கும் வர காமாலைதான்' என்று நீலாவிடம் சொல்லி வைத்திருந்தோம். அவள் ஹம்ஸினிக்குப் பத்தியச் சமையல் செய்து அனுப்பிக்கொண்டிருந்தாள்.

பரிசோதனை முடிவு வந்த அன்று குழந்தை மருத்துவர் ஜுலைகா எங்களைக் கூப்பிட்டார். கௌஷிக், ஹம்ஸினி, நான்.

"பச்சே கே கப்டோங் மே டாம்பர் கி கோலி டாலே தே க்யா?" என்று கேட்டார். குழந்தையின் துணியில் பாச்சை உருண்டை போட்டீர்களா என்று அர்த்தம். ஹம்ஸினியின் கட்டிலடியில் இருந்த பையை அவரே திறந்தார். திறந்ததும் அறை முழுக்கக் கல்யாண வாசனை.

"இனிமே இது நக்கோ. மெஹந்தி நக்கோ. சில மலேரியா மாத்திரை நக்கோ, அதெல்லாம் எழுதித் தரேன். மத்தபடி உங்க பையன் ஃபர்ஸ்ட் கிளாஸ்" என்று அவருக்குத் தெரிந்த தமிழில் சொன்னார். பையன்களுக்கு இது அம்மா வழியாக வரும் என்றும் சொன்னார்.

"கைக்கு மேடம், ஏன்? எனக்கு ஒண்ணும் இல்லியே?" என்றாள் ஹம்ஸினி.

அம்மாவிடம் அந்த என்சைமுக்கான குறிப்பு, அதாவது ஜீன், இரண்டு இருக்கும், ஒன்று பழுதானாலும் மற்றது காப்பாற்றிவிடும். பையனுக்கு ஒன்றுதான், அது பழுதான ஒன்றாகப் போய்விட்டது என்று மருத்துவர் பொறுமையாக விளக்கினார். ஹம்ஸினி தலையை ஆட்டினாள். அவள் கேட்டதாகத் தெரியவில்லை.

வராந்தாவில் கௌஷிக் என் கையைப் பிடித்தது அதற்கப்புறம்தான். அவன் மருந்து வாங்கப் போனதும் ஹம்ஸினி என்னைக் கூப்பிட்டாள்.

"அண்ணா, டாம்பர் கோலி விஷயம் அக்காகிட்ட சொல்றது உங்க இஷ்டம். ஆனா என்கிட்டேருந்து வந்ததுன்னு மட்டும் நக்கோண்ணா. 'எங்காத்துல யாருக்கும் இல்ல, உங்காத்துலேருந்துதான்'னு ஆரம்பிச்சுடுவாங்க. என் தமிழுக்கே அவ்வளவு சொன்னாங்க."

ஆக, என்னிடம் இரண்டு ரகசியங்கள். ஒன்றை மட்டும் சொன்னால் நீலா குற்றவாளி. மற்றதை மட்டும் சொன்னால் ஹம்ஸினி. இரண்டையும் சேர்த்து, என்சைம் எப்படி வேலை செய்கிறது என்பதிலிருந்து ஆரம்பித்துச் சொன்னால்தான் இருவரும் இல்லை. உலகத்தில் ஒரே ஒரு தடவையாவது என் பந்திப் பேச்சுக்கு ஒரு வேலை வந்தது. இந்தப் பகுதியை அச்செடுத்துச் சாப்பாட்டு மேஜையில் வைத்துவிட்டு, தைரியமாக ஆபீஸுக்குப் போய்விட்டேன்.

5

திரும்பி வந்தபோது டிரங்குப் பெட்டி கூடத்து நடுவில் திறந்து கிடந்தது. நீலா பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள். அபிநவ் பள்ளிக்கூடப் பையைக்கூடக் கழற்றாமல் நின்று, "க்யா ஹுவா மம்மி?" என்று கேட்டுக்கொண்டிருந்தான்.

"ஒண்ணும் இல்லடா. போய்ப் படி."

அவன் போனதும் என்னைப் பார்த்தாள்.

"இவன் போட்டுண்டானே இதெல்லாம். இவனுக்கு ஒண்ணும் ஆகலையே?"

"இவனோட என்சைம் சரியா இருந்தது நீலா. அதான் எழுதியிருக்கேனே. உருண்டை மட்டும் இருந்தா ஒண்ணும் ஆகியிருக்காது. அந்தக் குறை மட்டும் இருந்தாலும் இப்போ ஒண்ணும் ஆகியிருக்காது. ரெண்டும் சேர்ந்தாத்தான்—"

"கட்டுரை வேண்டாம்."

நிறுத்தினேன்.

"தப்பு யாரோடது, அதைச் சொல்லுங்கோ."

"யாரோடதும் இல்லை."

"அது அச்சுல பாக்க நன்னாருக்கும்" என்றாள். "துவைக்காம எடுத்துண்டு ஓடினது யாரு? ஒரு தடவை அலசிப் போட்டிருந்தா? குழந்தை உடம்புல ரத்தத்தை எடுத்து வேற ரத்தம் ஏத்தினாளாம். நான் இங்க உக்காண்டு பூண்டு உரிச்சிண்டிருந்தேன்."

நான் பயந்தது வேறு. அவள் உடனே, 'குறை அவ ரத்தத்துல இருக்கு, பழி என் துணிக்கா?' என்று பாய்வாள் என்று நினைத்திருந்தேன். அந்தக் கதவு திறந்துதான் இருந்தது. நானே திறந்து வைத்திருந்தேன். அவள் அந்தப் பக்கம் போகவில்லை. ஹம்ஸினி என்னிடம் சொன்ன கடைசி வாக்கியத்தில் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். 'என் தமிழுக்கே அவ்வளவு சொன்னாங்க.'

பிறகு மூன்றாம் பகுதியின் காகிதத்தை எடுத்து என் முன் நீட்டினாள்.

"மடிப்புக்கு ஒண்ணுன்னு நான் எழுதறச்சே நீங்க எதிர்லதானே உக்காந்திருந்தேள்?"

"ஆமாம்."

"உங்களுக்கு அப்பவே தெரியும்."

"தெரியும்."

"காபியைக் குடிச்சிண்டு என்னை எழுத விட்டேள். கதைக்கு நன்னாருக்கும்னு."

எனக்கு வெட்கமாக இருந்தது. எழுத்தில் சூரன் என்று முதல் பகுதியில் எழுதியிருக்கிறேனே, அதை அடித்துவிடலாமா என்று யோசித்தேன். அடிக்கவில்லை. இருக்கட்டும், எல்லாரும் பார்க்கட்டும்.

மறுநாள் பீரோவைத் திறந்து எல்லா உருண்டைகளையும் பொறுக்கித் தூர எறிந்தாள். சனிக்கிழமை ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள்.

"நாளைக்கு வரேன். ஆனா குழந்தையைத் தொட மாட்டேன்."

6

முடிவுகள். பிடித்ததை எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்வதற்கு முன் எனக்குப் பிடிக்காதவற்றைத் தள்ளிவிடுகிறேன்.

(அ) தொட்டில் வீட்டில் நீலாவும் ஹம்ஸினியும் மோதிக்கொள்கிறார்கள். "உன் குறையை மறைச்சுண்டு என் துணியைச் சொல்றியா?" "அக்கா, உங்க பொட்டியைச் சொல்லுங்க முதல்ல!" வசனம் எனக்குக் கைவந்த கலை; நாலு பக்கம் போகும். ஆனால் எழுதிப் பார்த்தபோது இருவரும் புஷ்பா மாதிரி பேசினார்கள்.

(ஆ) நீலா டிரங்குப் பெட்டியை மொட்டை மாடியில் போட்டுக் கொளுத்துகிறாள். தீயின் வெளிச்சத்தில் அவள் முகம்— (நாஃப்தலீன் குபுகுபுவென்று புகையும். அல்வாலில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர்கள் போலீசைக் கூப்பிடுவார்கள். அறிவியல் பக்கத்தில் இதை அனுமதிக்க முடியாது.)

(இ) எல்லாரும் கட்டிக்கொண்டு அழுகிறார்கள். மருத்துவர் ஜுலைகா கதவருகே நின்று புன்னகை செய்கிறார். பின்னணியில் நாதஸ்வரம். இதை எழுத எனக்கே கூசுகிறது.

(ஈ) ஞாயிற்றுக்கிழமை காலை நீலா

(இந்த வாக்கியத்தை முடிக்காமல் விட்டதற்குக் காரணம், நான் அதை எழுதிக்கொண்டிருந்தபோது அவள் உண்மையாகவே கிளம்பி வாசலில் நின்றாள். எழுத்து வண்டியைவிட நிஜ ஆட்டோ முன்னால் போய்விட்டது.)

7

அவள் ஒரு சாயம் போன நூல் புடவையில் நின்றாள். வீட்டில் கட்டுவது. ராத்திரி அலசி, மின்விசிறியின் கீழ் காயப்போட்டது. தம்பி பிள்ளையின் தொட்டிலுக்கு அத்தை கட்டிக்கொண்டு போகிற புடவை அது இல்லை. ஆனால் அவளிடம் இருக்கிற பட்டு எல்லாம் அந்த பீரோவிலிருந்துதானே வர வேண்டும்? என் வேட்டியையும் முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் ஏறவிட்டாள். ஆட்டோ அல்வாலைத் தாண்டியது. நடுவில் நான் கௌஷிக்குக்கு போன் செய்து, அக்காவுக்கு எல்லாம் தெரியும், அலசின புடவையில்தான் வருகிறாள் என்றேன்.

"சொல்லிட்டேளா அத்திம்பேர்?"

"சொல்லலை. எழுதினேன்."

அவன் சொன்னதை அச்சில் போட முடியாது.

கூடம் நிறையப் பட்டு. மயில்கழுத்து, அரக்கு, மாம்பழ மஞ்சள். உள்ளே காலை வைத்ததுமே அந்த வாசனை முகத்தில் அறைந்தது. எல்லாரும் எல்லாப் பீரோக்களையும் திறந்துகொண்டு வந்திருந்தார்கள். நீலா சுவரோரமாக, தொட்டிலுக்கு எவ்வளவு தூரத்தில் உட்கார முடியுமோ அவ்வளவு தூரத்தில் உட்கார்ந்தாள். கைகளை மடியில் கோத்துக்கொண்டாள்.

ருக்மிணி சித்தி விடுவாளா? "ஏண்டி நீலா, தம்பிக்குத் தலைச்சன் பிள்ளை. தொட்டில்ல போடற அத்தை இப்படியா அடுப்படிப் புடவையில வந்து உக்காருவா? உனக்கும் ஹம்ஸினிக்கும் இன்னும் ஆகலையா?"

நீலா வாயைத் திறந்தாள். அவள் என்ன சொன்னாலும் யாராவது ஒருத்தி மாட்டிக்கொள்வாள். பொய் சொன்னால் சண்டை நிஜமாகும். உண்மையைச் சொன்னால் ஹம்ஸினியின் ரகசியம் போகும். பாதி உண்மையைச் சொன்னால் பழி இவள் தலையிலேயே விழும். திறந்த வாயை மூடிக்கொண்டாள்.

உள் அறையிலிருந்து ஹம்ஸினி வந்தாள். பழைய காட்டன் சுடிதார். கையில் குழந்தை.

"சித்தி, அக்காவைக் கேக்காதீங்க, என்னைக் கேளுங்க. என் பையனுக்கு ரத்தத்துல ஒரு என்சைம் கம்மி. அது என்கிட்டேருந்து வந்தது. ஹவ், என்கிட்டேருந்துதான். பாச்சை உருண்டை அவனுக்கு ஆகாது. ஆஸ்பத்திரில அவ்வளவு சீரியஸா இருந்தது அதான். நீங்க எல்லாரும் பீரோலேருந்து எடுத்துக் கட்டிண்டு வந்திருக்கீங்க. கோச்சுக்க நக்கோ, யாரும் அவனைத் தூக்காதீங்க. வந்தவங்கள்ள அக்கா ஒருத்தர்தான் துவைச்சதைக் கட்டிண்டு வந்திருக்காங்க."

ருக்மிணி சித்தி தன் மாம்பழப் பட்டின் தலைப்பைத் தானே முகர்ந்து பார்த்தாள். யாரோ ஜன்னலைத் திறந்தார்கள்.

ஹம்ஸினி கூடத்தைக் கடந்து சுவரோரம் வந்தாள். யார் பெட்டி என்று அவள் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டாள் என்று அவள் முகத்தைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்தது. நீலாவுக்கும் தெரிந்திருக்கும். குனிந்து குழந்தையை நீட்டினாள்.

"வாங்கிக்கோங்கக்கா. நீங்கதான் போடணும்."

நீலா கோத்த கையைப் பிரிக்கவில்லை. குழந்தையைப் பார்த்தாள், ஹம்ஸினியைப் பார்த்தாள். பிறகு கூடத்தின் இந்தக் கோடியில் இருந்த என்னைப் பார்த்தாள். எத்தனையோ தடவை அவளிடம் நான், "இங்கே என்ன வரணும், சொல்லேன்" என்று கேட்டிருக்கிறேன். அதே கேள்வியை அவள் என்னிடம் கேட்பது இதுதான் முதல் முறை. எனக்கு ஒரு வாக்கியமும் வரவில்லை. அறிவியல் எனக்குத் தெரியும், அதைக் கடைசிச் சொல் வரை சொல்லியாகிவிட்டது. இந்த ஒரு முழ தூரத்தை அது கடந்து வராது. அத்தை கையை நீட்டலாம். நீட்டாமலும் போகலாம். படிக்கிற நீங்களே, உங்களால் ஒரு குழந்தை செத்துப் பிழைத்திருந்தால் உங்கள் கை நீளுமா என்பதை வைத்துச் சொல்லுங்கள். அந்தக் குழந்தையின் அம்மாவே எதிரில் வந்து நிற்கிறாள் என்பதையும் சேர்த்துக்கொண்டு சொல்லுங்கள்.

ஆனால் யோசிக்க அதிக நேரம் இல்லை. ஹம்ஸினிக்குப் பிள்ளை பெற்ற உடம்பு. குழந்தையை நீட்டியபடி குனிந்தே நிற்கிறாள்.

சீக்கிரம்.